முக்கால் இஞ்ச் கஞ்சத்தனம்

நன்னிலம் பக்கம் போய் 'லோ வோல்டேஜ்' என்று சொல்லிப் பாருங்கள். "ஆமா சார், பொழுது சாஞ்சா ஃபேன் சுத்தாது, மோட்டார் எடுக்காது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். சட்டத்தின் லோ வோல்டேஜ் வேறு. 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகள் 250 வோல்ட் வரை எல்லாமே 'லோ' என்றன. அதாவது, ஆளைக் கொல்லும் 230 வோல்ட்டுக்கும் அதுதான் பெயர்!

நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகம். டி.வி., இன்டர்நெட், கேமரா, இன்டர்காம் ஒயர்கள். தொட்டால் ஒன்றும் செய்யாத சாதுக்கள். இந்த சாதுக்களைக் கொலைகாரர்களாக்குவது நாம்தான்.

நன்னிலத்தில் என் பெரியம்மா மகள் இருக்கிறார். எழுபது வயது. தனியாக இருக்கிறார். பிள்ளை சிங்கப்பூரில். "அம்மாவை அப்பப்போ பார்த்துக்கணும்" என்று வாசலுக்கு ஒரு கேமரா வைக்கச் சொன்னான். கட்டி மூன்று வருஷமே ஆன வீடு. வாசல்படியில் கிரானைட், கூடத்தில் பளபள டைல்ஸ். சுவருக்குள் மட்டும் முக்கால் இஞ்ச் பைப். அதில் ஏற்கெனவே டி.வி. கேபிளும் இன்டர்நெட் ஒயரும். மூன்றாவது ஒயர் பாதி வழியில் ஒரு வளைவில் சிக்கிக்கொண்டது. தள்ளினாலும் போகவில்லை, இழுத்தாலும் வரவில்லை.

கேமரா மாட்ட வந்த பையன் சர்வ சாதாரணமாகச் சொன்னான்: "பக்கத்துல லைட் பைப்ல எடம் இருக்கு சார். அதுல விட்ரலாம்."

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். தடுத்தேன். நான் இல்லாத வீடுகளில்?

ஒரே பைப்பில் இழுக்கும்போது கரன்ட் ஒயரின் தோல் உரிந்தால், 230 வோல்ட் கேமரா ஒயரில் ஏறும். அந்த ஒயரின் முனையில் இருக்கிற பெட்டியைத்தான் அக்கா தினமும் ஈரத்துணியால் துடைக்கிறார். கரன்ட்டைத் தாங்கும் தோல் இல்லாத ஒயரை 230 வோல்ட்டோடு ஒரே குழாயில் விடக்கூடாது என்று ஐ.எஸ். 732 என்ற நம் நாட்டுத் தர விதியே சொல்கிறது. விதி இருக்கிறது. பைப்பில் இடம்தான் இல்லை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

முக்கால் இஞ்ச் என்பது 20 மில்லிமீட்டர் பைப். அது வெளிச்சுற்று. உள்ளே சுமார் 16 தான். பரப்பு சுமார் 200 சதுர மில்லிமீட்டர். இன்டர்நெட் கேபிள் 6 மில்லிமீட்டர் கனம் என்றால் 28. டி.வி. கேபிள் 7 என்றால் 38. இரண்டும் சேர்ந்து 66. குழாயில் மூன்றில் ஒரு பங்கு. 'அப்ப மூணுல ரெண்டு பங்கு காலியா இருக்கே' என்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறோம்.

அமெரிக்க மின் விதித்தொகுப்பில் ஒரு வழிகாட்டும் கணக்கு உண்டு. ஒரே ஒயர் என்றால் குழாயில் 53 சதவிகிதம் நிரப்பலாம். இரண்டு என்றால் 31. மூன்றும் அதற்கு மேலும் என்றால் 40. இரண்டுக்கு ஏன் குறைவு? ஒரு டப்பாவில் இரண்டு சம அளவு லட்டுகளைப் போட்டுப் பாருங்கள், புரியும். வட்டத்துக்குள் இரண்டு சம வட்டங்கள் எப்படி நெருக்கினாலும் பாதி இடம் வீண். நம் மத்திய பொதுப்பணித் துறை அட்டவணையும் நேர்க் குழாய்க்கு ஒரு எண்ணிக்கை, வளைவுக் குழாய்க்கு அதைவிடக் குறைச்சல் என்றுதான் தருகிறது. அக்கா வீட்டுக் குழாய் இரண்டு ஒயரிலேயே எல்லையைத் தாண்டிவிட்டது. கேமரா ஒயரும் சேர்ந்தால் 47 சதவிகிதம்.

அதே இடத்தில் ஒரு இஞ்ச், அதாவது 25 மில்லிமீட்டர் பைப் போட்டிருந்தால்? உள்ளே சுமார் 21. பரப்பு 345. மூன்று ஒயரும் போய் 27 சதவிகிதம்தான். இன்னொன்றும் போகும். விட்டத்தில் கால் இஞ்ச் கூடினால் இடம் ஒன்றே முக்கால் பங்கு ஆகிறது. உலகத்தில் இவ்வளவு மலிவாக வேறு எது கிடைக்கும்?

"பெரிய பைப் போட்டா தளம் வீக் ஆயிடும் சார்" என்பார் மேஸ்திரி. ஐந்து இஞ்ச் தளத்தில் ஒரு இஞ்ச் பைப் ஐந்தில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு வரை முந்தைய அமெரிக்க கான்கிரீட் விதியே அனுமதித்தது. தளத்தைக் கெடுப்பது, ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டுக்கட்டாய்ப் போடுகிற பைப்புகள்தான்.

எலெக்ட்ரீஷியனை மட்டும் திட்டிப் பயனில்லை. பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறோம். பெரிய பைப் போட்டால் அவருக்கு ஒரு பைசா கூடாது. முகப்பு வளைவுக்குப் பத்து டிசைன் பார்க்கிற நாம், சென்ட்ரிங் பலகை மேல் கம்பி கட்டும் நாளில் 'பைப் என்ன சைஸ்?' என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. மறுநாள் கான்கிரீட் போட்டாச்சு. கதை முடிந்தது.

கேளுங்கள். சின்ன ஒயர்களுக்குத் தனி பைப். ஒரு இஞ்ச்சுக்குக் குறையாமல். பெட்டிக்குப் பெட்டி இரண்டு வளைவுக்கு மேல் வேண்டாம். உள்ளே ஒரு நைலான் கயிறை விட்டு வையுங்கள். நாளைக்கு என்ன ஒயர் வருமோ, யார் கண்டது?

நன்னிலத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. வடிகாலைக் குறுக்கினால் கார்த்திகை மழைக்கு வயல் என்னாகும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் மட்டத்துக்குக் கரை கட்டமாட்டார்கள், அதற்கு மேலேதான் கட்டுவார்கள். வயலுக்குத் தெரிந்த அந்தக் கணக்கு, வீடு கட்டும்போது மட்டும் எப்படி மறந்துபோகிறது?

அக்கா வீட்டில் இப்போது கேமரா ஒயர் சுவர் மேலே, கூடத்துக் குறுக்கே கொடி மாதிரி போகிறது. "அசிங்கமா இருக்குடா" என்கிறார்.

இருக்கட்டும் அக்கா. நீ இருக்கிறாயே!