பூங்காவில் எடுத்த போட்டோவை விற்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

வாக்கிங் வந்த தாத்தா ஒருவர், பார்க் பெஞ்சில் உட்கார்ந்து பொக்கை வாய் தெரியச் சிரிக்கிறார். கேமராவோடு வந்த ஒருவர் அதை அழகாகப் படம் பிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் லைக்ஸ் குவிகிறது. அடுத்த வாரமே ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி, "இந்தப் படம் எங்க விளம்பரத்துக்கு வேணும், எவ்வளவு?" என்று கேட்கிறது. விற்கலாமா?

'எடுத்தவருக்குத்தானே படம் சொந்தம், இதுல என்ன கேள்வி?' என்று தோன்றும். அது பாதிதான் சரி.

படம் யாருக்குச் சொந்தம்?

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவரே அதன் படைப்பாளி. எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர் வாழும் காலம் முழுக்கவும், மறைந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமை தொடரும்.

ஆனால், ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால் கதையே வேறு. சட்டத்தின் 17-வது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாத வரை, பணம் கொடுத்தவரையே முதல் உரிமையாளர் ஆக்குகிறது. பூங்காக்களில் நடக்கும் ப்ரீ-வெட்டிங் ஷூட் எல்லாம் இதில்தான் வரும். அந்தப் படங்களை ஜோடியைக் கேட்காமல் காலண்டர் கம்பெனிக்கு விற்றால், கேஸ் போட ஜோடிக்கு முழு உரிமை உண்டு. "என் பேஜ்ல போட்டுக்கறேன்ணா" என்று வாய்வார்த்தையாகக் கேட்பது போதாது. முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பல போட்டோகிராபர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

முகம் யாருக்குச் சொந்தம்?

படம் எடுத்தவருடையது, சரி. அதில் இருக்கும் முகம்?

இதற்கான பதில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் இருக்கிறது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பாக, 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரின் பெயரையோ தோற்றத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதற்கு ஓர் உதாரணம் என்று அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. 'பொது இடத்துக்கு வந்துட்டா அந்தரங்கம் ஏது?' என்பவர்களுக்கும் பதில் உண்டு. பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் அந்தரங்க உரிமையை இழந்துவிடுவதில்லை என்று 2017-ல் 9 நீதிபதிகள் அமர்வு அளித்த புட்டசாமி வழக்குத் தீர்ப்பு சொல்கிறது.

கோர்ட்டுக்குப் போவது பெரும்பாலும் அமிதாப் பச்சன் மாதிரி பிரபலங்கள்தான். ஆனால் இந்த உரிமை பிரபலங்களுக்கு மட்டுமானது அல்ல, பெஞ்சில் உட்கார்ந்த தாத்தாவுக்கும் உண்டு.

அதனால் எதற்காக விற்கிறோம் என்பதுதான் முக்கியம். செய்திக்கோ கண்காட்சிக்கோ கொடுப்பதில் சிக்கல் குறைவு. ஒரு பொருளை விற்க அந்த முகம் பயன்படும்போதுதான் பிரச்னை வெடிக்கும். ஷட்டர்ஸ்டாக், கெட்டி போன்ற தளங்கள் விளம்பரப் பயன்பாட்டுக்கு 'மாடல் ரிலீஸ்' எனும் சம்மதக் கடிதம் கேட்பது இதனால்தான். குழந்தை என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து வேண்டும்.

அந்தரங்க உறுப்புகளை ரகசியமாகப் படம் எடுப்பது தனிக் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. எடுத்த இடம் பொது இடம் என்பது சாக்காகாது.

சிலை ஓகே... சுவர் ஓவியம்?

இது பலருக்கும் தெரியாத விஷயம். பூங்காவில் நிரந்தரமாக நிற்கும் சிலை, கட்டடம் ஆகியவற்றைப் படம் எடுத்து வெளியிட 52-வது பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் புகைப்படத்துக்கான அந்த விலக்கில் ஓவியம் இல்லை. பூங்கா சுவரில் ஓர் ஓவியர் வரைந்ததை மட்டும் ஃபிரேம் முழுக்க எடுத்து டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றால், அவர் கேள்வி கேட்கலாம்.

கேமராவுக்கு அனுமதி வேண்டுமா?

பூங்காக்களில் போட்டோ எடுப்பதையே தடுக்கும் பொதுவான மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பூங்காவுக்கும் அதன் நிர்வாகம் விதி போடலாம். சென்னை செம்மொழிப் பூங்காவில் கேமராவுக்குத் தனிக் கட்டணம். கிண்டி தேசியப் பூங்கா வனத்துறை வசம் இருப்பதால், அங்கே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். விதியை மீறினால் அபராதம் வரலாம், வெளியே அனுப்பலாம். அதற்காகப் படத்தின் பதிப்புரிமை பூங்கா நிர்வாகத்துக்குப் போய்விடாது.

அந்தத் தாத்தா விஷயத்துக்கு வருவோம். மறுநாள் அதே நேரத்துக்குப் போய், விளம்பரத்துக்கு என்று தெளிவாகச் சொல்லி, அவருக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தாராளமாக விற்கலாம். ஆள் கிடைக்கவில்லை என்றால், ஸ்டாக் தளங்களில் 'எடிட்டோரியல்' எனப்படும் செய்திப் பயன்பாட்டுப் பிரிவில் மட்டும் போடலாம். விளம்பர ஆர்டரை விட்டுவிட வேண்டியதுதான்.