இல்லம் பேணுவோம்: உடுப்புத் தோய்க்கும் சிற்றறை



அவுஸ்திரேலியாவில் நாம் வாழும் வீடுகள் பலவற்றில் பின்கதவை ஒட்டியவாறு உடுப்புத் தோய்க்கும் அறை அமைந்திருக்கிறது. தோய்க்கும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சிறிய அலுமாரி. இவற்றை வைத்ததும் இருவர் நிற்க இடமிராது. நம்மவர் வீடுகளில் இவ்வறைக்கு வேறு வேலைகளும் உண்டு. குத்துவிளக்கைத் துலக்குவது இங்கே. எண்ணெய்ப் போத்தலும் கற்பூரப் பெட்டியும் வாங்கி அடுக்கி வைப்பது இங்கே. பட்டுச் சேலைப் பெட்டி ஒதுங்குவதும் பல வீடுகளில் இங்கேதான்.

“இடம் போதாது” என்பதே எல்லோரதும் குறை. ஆனால் இடக்குறைவைவிடப் பெரிய குறை, சேர்ந்திருக்கக் கூடாத பொருட்கள் அருகருகே இருப்பது. எனவே அலுமாரியை ஒழுங்கு செய்யும்போது “எங்கே கொள்ளும்?” என்று கேட்பதற்கு முன், “எதன் பக்கத்தில் இருக்கலாம்? யாருக்கு எட்டும்?” என்று கேட்க வேண்டும்.

முதலாவது, உயரம். சவர்க்காரத் தூள், கறை நீக்கும் திரவம், பிளீச் முதலியவற்றைத் தரையிலிருந்து 1.5 மீற்றருக்கு மேலே, பூட்டக்கூடிய அலுமாரியில் வைக்கவேண்டும். உயரம் மட்டும் போதாது. தோய்க்கும் இயந்திரத்தின் உயரம் ஏறத்தாழ 85 சென்ரிமீற்றர். அதன்மேல் ஏறி நிற்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு 1.5 மீற்றர்த் தட்டு நெஞ்சளவுதான். ஆகவே பூட்டு அவசியம். நிறநிறமாக வரும் சவர்க்காரப் பொட்டலங்களில் விசேட கவனம் வேண்டும். அவை பார்வைக்கு இனிப்புப் போலிருக்கும். ஈரம் பட்டதும் மேலுறை கரைந்து, செறிந்த சவர்க்காரம் வாயிலும் கண்ணிலும் பாயும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று பெரிய கொள்கலனில் வாங்கி, குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். எந்தத் திரவமும் அது வந்த போத்தலிலேயே இருக்கட்டும். சிறிய அளவில் வாங்கினால் இடமும் மிச்சமாகும். கீழ்த்தட்டுகளில் வெறும் வாளி, கூடை, உடுப்புக் கிளிப்புகள், துடைக்கும் துணிகள் இருக்கலாம். தும்புத்தடியையும் இஸ்திரிப் பலகையையும் கதவின் பின்புறத்தில் கொழுவினால் தரை வெறுமையாகும்.

இரண்டாவது, பிளீச்சும் புளியும். வேட்டி வெளுக்க வைத்திருக்கும் பிளீச்சில் உள்ளது சோடியம் ஹைப்போகுளோரைற்று. அதனுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். பித்தளை விளக்கைத் துலக்க நாம் பயன்படுத்தும் புளி, தேசிக்காய், வினாகிரி எல்லாம் அமிலங்களே. கழிப்பறை கழுவும் திரவங்கள் சிலவற்றில் இவற்றிலும் கடுமையான அமிலம் உண்டு. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் பிளீச்சுக்கு ஆகாது. காலையில் வேட்டி ஊறிய தொட்டியிலேயே மாலையில் விளக்கைத் துலக்குவது வழக்கமாயின், அதை மாற்றுங்கள். விளக்கைப் பின்வளவுக் குழாயடியில் துலக்கலாம். புளியும் தேசிக்காயும் குசினியிலேயே இருக்கட்டும். பிளீச் தனித் தட்டில் இருக்கட்டும். பட்டிலும் கம்பளியிலும் பிளீச் பட்டால் இழையே கரைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, எண்ணெய்த் துணி. இதைப் பலர் அறிந்திருப்பதில்லை. விளக்கும் தட்டும் துடைத்த துணியில் ஊறிய நல்லெண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேரும்போது வெப்பம் பிறக்கிறது. துணி விரிந்து கிடந்தால் அவ்வெப்பம் வெளியேறிவிடும். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூட்டோடு எடுத்துக் கூடையில் குவித்தால் வெப்பம் உள்ளேயே தங்கி ஏறி, சில மணி நேரத்தின் பின் எவரும் தீ வைக்காமலே துணி பற்றக்கூடும். ஒருமுறை தோய்த்ததால் எண்ணெய் முழுவதும் போய்விடாது. எண்ணெய்களிடையே வேறுபாடும் உண்டு. இத்தன்மையைக் காட்டும் அயடீன் எண் தேங்காயெண்ணெய்க்கு ஏறக்குறைய 10. நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய 110. எண் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

ஆகவே விளக்குத் துணிகளுக்கென மூடியுள்ள தகர டின் ஒன்றை ஒதுக்குங்கள். அவற்றைச் சுடுநீரில், சவர்க்காரம் கூடுதலாகப் போட்டுத் தோய்த்து, வெளியே கொடியில் காயவிடுங்கள். உலர்த்தும் இயந்திரத்தில் போடவே வேண்டாம். மற்ற உடுப்புகளை உலர்த்தும்போதும், கடைசியில் வரும் குளிரூட்டும் கட்டம் முடியுமுன் இயந்திரத்தை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் பஞ்சு வடிகட்டியைத் துப்புரவாக்குங்கள். இயந்திரத்தின் மேலும் பின்னும் எதையும் அடைய வேண்டாம்.

நான்காவது, கற்பூரமும் பூச்சி உருண்டையும். இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் மணம் உண்டு, பிள்ளைக்கு இரண்டும் இனிப்பாகத் தோன்றும். கற்பூரத்தைச் சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைக்குச் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். நாப்தலின் உருண்டை இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ‘ஜீ-6-பி-டி’ என்னும் நொதியம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, உருண்டையோடு வைத்த உடுப்பை அப்படியே அணிவித்தாலும் இது நேரக்கூடும். இக்குறை தெற்காசிய மக்களிடையேயும் காணப்படுவது. இந்நாட்டில் அவ்வுருண்டைகளைப் பிள்ளை வெளியே எடுக்க முடியாத கூட்டுக்குள் வைத்தே விற்கவேண்டுமென்பது விதி. ஊரிலிருந்து பொதிகளில் வருவன அப்படியல்ல.

கற்பூரம் சுவாமி அறையில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். பட்டுச் சேலைகளை இச்சிற்றறையில் வைக்கவே வேண்டாம். இங்குள்ள ஈரம் பட்டுக்கும் ஆகாது, சரிகைக்கும் ஆகாது. நன்கு காயவைத்து, பருத்தித் துணியில் சுற்றி, இறுக மூடும் பெட்டியில் படுக்கையறையில் வையுங்கள். பூசைக்குரிய தோய்த்துலர்ந்த வேட்டிக்கும் சால்வைக்கும் உயரத்தில் தனிக் கொழுவி ஒன்று இருந்தால் மற்ற உடுப்புகளோடு கலவாது.

ஐந்தாவது, தமிழ். நம் வீடுகள் பலவற்றில் பகல் வேளையில் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் ஊரிலிருந்து வந்த அம்மம்மாவும் அப்பப்பாவுமே. போத்தலில் உள்ள ஆங்கில எச்சரிக்கை அவர்களுக்கு உதவாது. ஒவ்வொரு போத்தலிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: “பிளீச் – புளி, தேசிக்காய் சேர்க்கக் கூடாது”, “விளக்குத் துணி – உலர்த்தும் இயந்திரத்தில் போடக் கூடாது” என்றவாறு.

அலுமாரிக் கதவின் உட்புறத்தில் நச்சுத் தகவல் நிலையத்தின் எண் 13 11 26 என்பதை ஒட்டுங்கள். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அதன் கீழே மொழிபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. பிள்ளை மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே 000. எதையாவது விழுங்கிய பிள்ளையை வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது; போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பெரியவர்களுக்கு எண்களைக் காட்டினால் மட்டும் போதாது. ஒருமுறை தொலைபேசியைக் கையில் கொடுத்துப் பழக்கிவிடுங்கள்.

இவை அனைத்துக்கும் ஒரு பின்னேரம் போதும். வாங்க வேண்டியவை ஒரு பூட்டு, ஒரு தகர டின், சில கொழுவிகள், ஒட்டும் காகிதம். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலெங்கும் சுட்டி ஏற்றுவோம்; எண்ணெய்த் துணியும் அன்றுதான் அதிகம் சேரும். அதற்கு முன்னரே இவ்வறையை ஒழுங்கு செய்துவிடுங்கள். தனியே வாழும் முதிய அங்கத்தவர்களின் வீட்டில் உயரத் தட்டு அடிப்பதற்கும் எழுதி ஒட்டுவதற்கும் நமது இளைஞர்கள் கைகொடுப்பார்களாயின், அதுவும் ஒரு திருத்தொண்டே.