ஆசிட் வாளி யார் கையில்?



போன மாதம் புறநகரில் ஒரு புது வீட்டில் எங்கள் சேரிப் பெண்கள் மூன்று பேர் டைல்ஸ் கழுவினார்கள். கூடமாட ஒத்தாசைக்கு நானும் போயிருந்தேன். மறுநாள் விடிகாலை கிரகப்பிரவேசம். தரை முழுக்கச் சாம்பல் பூத்தமாதிரி வெள்ளைப் படலம். தண்ணி ஊத்தித் துடைத்தால் மறையும். காய்ந்ததும் திரும்பப் பூக்கும். மேஸ்திரி ஒரு கேன் ஆசிட்டை இறக்கி வைத்தார். கையுறை கேட்டேன். "அதெல்லாம் எதுக்குத் தம்பி, இவங்களுக்குப் பழக்கந்தான்" என்றார்.

இந்தப் 'பழக்கம்' என்கிற சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இதெல்லாம் தலையங்கமா என்று மாணவத் தோழர்கள் சிலர் கேட்கலாம். கேட்கட்டும்.

அந்தப் படலம் எப்படி வருது? டைல்ஸ் சந்தை ஒயிட் சிமெண்டால் அடைக்கும்போது மேலேயும் ஈஷிக்கொள்ளும். கால் மணி, அரை மணிக்குள் ஈரப் பஞ்சால் துடைக்கணும், தண்ணியை அடிக்கடி மாத்தணும். அதற்குப் பிறகும் படிவது வெறும் தூசு. சில மணி நேரத்துக்குள் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும். தேவை இரண்டு வாளி, ஒரு பஞ்சு, கூடுதலாக ஒரு ஆள். அந்த ஒரு ஆள் கூலியைக் காண்டிராக்டர் மிச்சம் பிடிக்கிறார். விட்ட இடத்தில் சிமெண்ட் இறுகிப்போகுது. அப்புறம்தான் ஆசிட். சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பை ஹைட்ரோகுளோரிக் அமிலம் நுரைத்துத் தின்கிறது. சந்துக்குள் இருப்பதையும் தின்கிறது; மார்பிளையும் கடப்பாக் கல்லையும் அரிக்கிறது. மார்பிளில் ஒரு சொட்டுப் பட்டால் வீட்டுக்காரர் ஓடிவந்து கத்துவார். கையில் பட்டால்?

"மூணு நாளைக்குச் சோத்தைக் கரண்டியாலதான் தம்பி திம்பேன்" என்று ஒரு அக்கா விரல் இடுக்கைக் காட்டினார். தோல் உரிந்து வெளுத்திருந்தது.

சங்கத்துத் தோழர்கள் நம் தெருப் பெண்களிடம் இதையாவது சொல்லுங்கள். ஆசிட்டில் தண்ணி ஊத்தக்கூடாது. தண்ணியில்தான் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊத்தணும். முதலில் தரையை நனைக்கணும், சன்னலைத் திறந்து வைக்கணும். பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வரக்கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின், 1915-இல் உலகப் போரில் சிப்பாய்களைக் கொன்ற அதே வாயு. மேலே பட்டால் ஓடுகிற தண்ணியில் இருபது நிமிசம் பிடிக்கணும்.

உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இங்கே 1982-இல் வந்தது. கட்டடத் தொழிலாளர் நலவாரியம் 1994-இல் வந்தது. அந்த மூவரில் ஒருத்தரிடம்கூட அட்டை இல்லை. ஒருநாள் கூலிக்கு ஆள்மாற்றி ஆள் கூட்டிப்போகிறவன், இவர் என்னிடம் வேலை செய்தார் என்று எழுதிக் கொடுப்பானா?

மறுநாள் காலை பாக்கிக் கூலிக்குப் போனோம். பசுவும் கன்றும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. எங்களை வாசற்படியிலேயே நிறுத்தி, "கழுவி விட்டிருக்கு, உள்ள வராதீங்க" என்றார்கள். கேட்டுக்கு வெளியே நின்று வாங்கி வந்தோம்.

போன வாரம் அதே மேஸ்திரி திரும்பக் கூப்பிட்டார். கையுறை இல்லாமல் வரமாட்டோம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர் வேறு ஆட்களைக் கூட்டிப்போய்விட்டாராம். அவர்களும் நம் அடுத்த தெருதான். வருகிற ஞாயிறு அவர்களோடு உட்கார்ந்து பேசப் போகிறோம். பக்கத்தில் இருக்கிற தோழர்கள் வாருங்கள்.