ஏ.ஏ.டி. பராமரிப்புத் தேதி கடந்தால் பொறுப்பு யாருடையது என எழுத்தில் தெரிவிக்கக் கோரும் மனு

பெறுநர்:
வட்டார விமானப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்

ஐயா,

அமெரிக்காவில் உரிமம் பெற்று ரிசர்வ் பாராசூட் மடித்துத் தரும் ரிக்கர்களின் சங்கம் எங்களுடையது.

இதே பொருள் குறித்துச் சென்ற வசந்த காலத்தில் எழுதினோம். கோடையில் நினைவூட்டினோம். ஆய்வாளர் கேட்டதன்பேரில் நகல்களையும் அனுப்பினோம். "பரிசீலனையில் உள்ளது" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. எனவே அக்கடிதங்களில் சொன்னதை மீண்டும் முழுமையாக வைக்கிறோம்.

1. கூட்டாட்சி விதித்தொகுப்பு 14, பிரிவு 105.43, உட்பிரிவு சி: ஏ.ஏ.டி. (ரிசர்வைத் தானாகத் திறந்துவிடும் கருவி) பொருத்தப்பட்டிருந்தால், அது தயாரிப்பாளரின் அறிவுறுத்தல்படி பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அறிவுறுத்தல்கள் ஒரே மாதிரியானவை அல்ல. பழைய சைப்ரஸ் 2 கருவியின் ஆயுள் பன்னிரண்டரை ஆண்டு. மார்ஸ் எம்2-க்கு 15 ஆண்டு அல்லது 15,000 குதிப்பு. விஜில் 20 ஆண்டு.

ரிசர்வை மடித்து, மூடும் கயிற்றைக் கருவியின் வெட்டியின் துளை வழியாகக் கோத்து, சிவப்பு நூல் கட்டி ஈய முத்திரையை அழுத்தும் நாளில் கருவி தேதிக்குள் இருக்கிறது. முத்திரை 180 நாள் செல்லும். கருவியின் தேதி இடையில், சில வேளை நாற்பதாம் நாளிலேயே முடிகிறது. அந்நாளில் பாராசூட் பை எங்கள் கையில் இல்லை. எங்கோ ஒரு குதிதளத்தில் யாரோ ஒருவர் முதுகில் இருக்கிறது. சென்ற பருவத்தில் அப்படிப்பட்ட ஒரு பையை ஆய்வாளர் ஒருவர் திறந்து பார்த்தார். விளக்கம் கேட்டு வந்த கடிதம் குதித்தவருக்கும் போகவில்லை, விமானிக்கும் போகவில்லை. மடிப்பு அட்டையில் கையெழுத்திட்ட எங்கள் உறுப்பினருக்கு வந்தது.

பொறுப்பு ரிக்கருடையது என விதி சொல்லவில்லை. பிரிவு 105.43 தொடங்குவதே, யாரும் குதிக்கக் கூடாது, விமானி குதிக்க அனுமதிக்கக் கூடாது என்றுதான். உட்பிரிவு ஏ, பி, சி மூன்றும் அந்த ஒரே வாக்கியத்தில் தொங்குகின்றன. உட்பிரிவு பி-யின்படி 180 நாள் கடந்த ரிசர்வுடன் ஒருவர் 181-ஆம் நாள் குதித்தால், மடித்த ரிக்கரை இன்றுவரை யாரும் குற்றம் சொன்னதில்லை. பி-க்கு ஒரு பொருள், சி-க்கு வேறு பொருள் எப்படி வரும்? 2008 டிசம்பரில் மடிப்புக் காலம் 120 நாளிலிருந்து 180 ஆனதால், தேதி இடையில் விழும் வாய்ப்பும் கூடிவிட்டது என்பதையும் முந்தைய கடிதத்திலேயே சுட்டிக்காட்டியிருந்தோம்.

அலுவலகத்தின் மௌனத்தால் நடப்பது என்ன? பயந்துபோன ரிக்கர்கள், தேதி நெருங்கிய கருவியைக் கழற்றிவிட்டு மடிக்கிறார்கள். தனியாகக் குதிப்பவருக்கு ஏ.ஏ.டி. கட்டாயமில்லை, எனவே அது விதிக்கு உட்பட்டதே. ஆனால் நினைவிழந்து விழுபவருக்கு சுமார் 750 அடி உயரத்தில் ரிசர்வைத் திறந்துவிட இருந்த ஒரே கருவி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. உயிர் காக்கும் கருவியை எங்கள் கையாலேயே கழற்ற வைப்பதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே, மடித்த நாளில் கருவி தேதிக்குள் இருந்து, அதன் அடுத்த தேதியை ரிக்கர் மடிப்பு அட்டையில் எழுதியிருந்தால் அவர் கடமை நிறைவேறியது என்றும், அதன்பின் பொறுப்பு குதிப்பவருக்கும் விமானிக்குமே உரியது என்றும் எழுத்து மூலம் தெளிவுபடுத்த வேண்டுகிறோம். எங்கள் உறுப்பினரிடம் விளக்கம் கேட்டு அனுப்பப்பட்ட கடிதத்தைத் திரும்பப் பெறவும் வேண்டுகிறோம்.

2. குதிப்பவரை விமானத்தில் ஏற்றும்முன் குதிதளங்கள் மடிப்பு அட்டையைப் பார்க்குமாறு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

3. ஆய்வுக்காக முத்திரை உடைக்கப்பட்டால் மறுமடிப்புச் செலவை யார் ஏற்பது என அறிவிக்க வேண்டும்.

4. சங்கக் கடிதங்களுக்குப் பெறுகை எண் வழங்க வேண்டும்.

அடுத்த குதிப்புப் பருவம் தொடங்குமுன் முதல் கோரிக்கைக்காவது பதில் கிடைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்
(நிர்வாகக் குழுவுக்காக)