மனையும் மழைநீரும்

நீர் பள்ளத்தை நாடும் என்பது ஏட்டுக் கல்வி இல்லாதவரும் அறிந்த உண்மை. ஆயினும் நமது நகரங்களும் அவற்றின் ஓரங்களில் முளைக்கும் குடியிருப்புகளும் அவ்வுண்மையை மறந்தவைபோலவே வளர்ந்து வருகின்றன. திருகோணமலை நகரை அடுத்த அன்புவழிபுரத்தையும், அதனைப் போன்று நகரோரத்தே பெருகிவரும் பிற குடியிருப்புகளையும் எண்ணும்போது, இம்மறதியின் விலையை யார் கொடுக்கிறார் என்ற வினாவே என் நெஞ்சில் முதலில் எழுகிறது. மனையை மேடாக்கிக் கட்டுபவர் அதைக் கொடுப்பதில்லை. அவருக்குக் கீழ்ப்புறத்தே, தாழ்ந்த காணியில் வாழ்பவரே கொடுக்கிறார்.

திருகோணமலை ஆண்டொன்றுக்குப் பெறும் மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் மூன்றில் இரு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள நான்கு மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். இடையிடையே புயலும் வரும். 2020 டிசெம்பர் 2 ஆம் நாள் இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. 2025 நவெம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே வெள்ளக்காடாக்கியது. பெருமழை இங்கே எதிர்பாராத விருந்தாளி அன்று. ஆண்டுதோறும் வருகின்ற உறவினரே. அவருக்கு இடம் ஒதுக்காமல் வீடு கட்டுவதுதான் வியப்பு.

சிறிது கணக்குப் பார்ப்போம். 10 பேர்ச் காணி ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அது பற்றையும் மணலுமாகக் கிடந்த காலத்தில், பெய்த மழையில் பெரும்பங்கை மண் குடித்தது. எஞ்சியது சிறு பள்ளங்களில் தங்கி மெல்ல வடிந்தது. அதே காணியில் கூரையும் சீமெந்து முற்றமுமாக 200 சதுர மீற்றர் மூடப்பட்டால், ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்யும்போது அம்மூடிய பரப்பில் மட்டும் 20,000 லீற்றர் நீர் விழும். அதில் மிகச் சிறு பங்கு தவிர எல்லாம் வெளியே ஓடும். அத்தகைய மனைகள் 40 சேர்ந்த ஓர் ஒழுங்கையிலிருந்து 8 இலட்சம் லீற்றர் புறப்படும். 10,000 லீற்றர் பவுசர்கள் 80 ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒழுங்கையின் கோடியில் நீரைத் திறந்துவிட்டதற்கு அது ஒப்பாகும். அக்கோடியில் குடிசை ஒன்று இருந்தால் அதன் நிலை என்னவாகும்?

இது தனியொருவரின் பேராசையால் விளைந்த தீங்கு என்று நான் கூறவரவில்லை. தன் வீட்டுக்குள் நீர் புகாதிருக்க ஒருவர் இரண்டடி மண் நிரப்புகிறார். அந்த நீரைத் தாங்க மாட்டாத அயலவர் மூன்றடி நிரப்புகிறார். இருவரும் சுற்றுமதில் எழுப்புகின்றனர். நெடுங்காலமாக நீர் ஓடிய தடம் அம்மதிலின் அடியில் மறைந்துபோகிறது. ஒவ்வொருவர் செயலுக்கும் நியாயம் உண்டு. அந்நியாயங்கள் அனைத்தும் கூடும்போது ஊருக்கு அநியாயம் விளைகிறது. தனித்தனியாகப் பார்ப்பவர் கண்ணுக்குப் படாத இதனைக் கூட்டிப் பார்ப்பதற்காகவே உள்ளூராட்சி மன்றம் என்ற ஒன்றை நாம் வைத்திருக்கிறோம்.

அங்கே நிகழ்வது என்ன? கட்டட வரைபடம் ஒன்று அனுமதிக்காக வந்தால் எல்லைக்கும் சுவருக்கும் இடையே விடப்பட்ட தூரம் அளக்கப்படுகிறது. அறைகளின் அளவும் காற்றோட்டமும் பார்க்கப்படுகின்றன. மலக்குழியின் இடம் கேட்கப்படுகிறது. இவை யாவும் வேண்டியவையே. ஆனால் கூரையில் விழும் நீர் எவ்வழியே, எவர் காணியினூடாக, எந்த மதகைச் சென்றடையும் என்ற வினா அதே கண்டிப்புடன் கேட்கப்பட வேண்டாமா? பெருங்காணியொன்றை இருபது முப்பது துண்டுகளாகப் பிரித்து விற்போரிடம் வீதியின் அகலம் கேட்கப்படுகிறது. நீரின் வழியையும் அவ்வளவு வற்புறுத்திக் கேட்டிருந்தால், மாரிதோறும் வீதிகளே வாய்க்கால்களாக மாறுவதை நாம் காணமாட்டோம்.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1915 ஆம் ஆண்டிலேயே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையைத் தோற்றுவித்தது. வயல் நிலத்தை அனுமதியின்றி நிரப்பலாகாது என்று 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் விதிக்கிறது. மழைநீர் சேகரிப்புக்கான தேசியக் கொள்கை 2005 இல் வகுக்கப்பட்டது. 2007 இல் நகர அபிவிருத்திச் சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. ஏட்டிற் குறைவில்லை. ஏட்டில் உள்ளதை ஒரு மனையின் வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கும் கண்ணே குறைவு.

இக்குறையின் பயனைப் பெருநகரங்கள் நன்கு அனுபவித்துவிட்டன. கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் பல நிரப்பப்பட்டன. 2010 நவெம்பரில் கோட்டேயிலுள்ள பாராளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்துகொண்டது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பழைய பரப்பின் சிறு பங்காகச் சுருங்கியிருந்த நிலையில், 2015 டிசெம்பர் பெருவெள்ளம் அந்நகரை ஆட்டிப்படைத்தது. மாறாக, வேல்ஸ் நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளையோ, 100 சதுர மீற்றருக்குக் குறையாத பரப்பில் கட்டடத்தையோ எழுப்புவோர், மழைநீர் வடிகால் திட்டத்துக்கு உள்ளூராட்சி மன்றத்திடம் தனி அனுமதி பெற்ற பின்னரே பணி தொடங்கலாம். அங்கே செய்ய முடிந்தது இங்கே முடியாததன்று.

நான் வேண்டுவன மூன்றே. முதலாவது, மாரி உச்சத்தில் ஊரை நடந்து அளந்து, நீர் ஓடும் தடங்களையும் மதகுகளையும் தாழ்நிலங்களையும் குறித்த வரைபடம் ஒன்றை மன்றம் ஆக்கி, எவரும் காணும்படி சுவரில் மாட்ட வேண்டும். இரண்டாவது, காணி பிரிப்போரும் கட்டுவோரும், முன்னர் அந்நிலத்திலிருந்து வெளியேறிய நீரின் வேகமும் அளவும் பின்னரும் மிகாது என்று காட்ட வேண்டும். இதைக் கணிப்பது அரிய வித்தையன்று. பரப்பையும், மழையின் உக்கிரத்தையும், மண் குடிக்காமல் விடும் பங்கையும் பெருக்கிக் காணும் முறையை அயர்லாந்துப் பொறியியலாளர் மல்வனி 1851 இலேயே வெளியிட்டார். மூன்றாவது, கட்டடம் முடிந்தபின் இணக்கச் சான்றிதழ் கொடுக்குமுன், வரைபடத்திற் காட்டிய வாய்க்கால் தரையிலும் இருக்கிறதா என்று உத்தியோகத்தர் நேரிற் சென்று காண வேண்டும்.

இது ஏழைக்குச் சுமையாகாதா என்று கேட்பர். ஒரு சிறு வீட்டுக்கு மூடாத மண் முற்றமும் நீர்த் தொட்டியொன்றும் போதும். அதற்கான மாதிரி வரைபடத்தை மன்றமே இலவசமாகக் கொடுக்கலாம். பெருஞ்சுமை, துண்டாக்கி இலாபம் ஈட்டுவோரையே சாரட்டும். உறிஞ்சுகுழி தோண்டினால் மாரியின் நடுவே நிலத்தடி நீர் மேலெழுந்து குழி பயனற்றுப்போகும் என்பர். அத்தகைய தாழ்நிலங்களில் குழியை நம்பாது, நீரைச் சிறிது நேரம் நிறுத்தி வடியவிடும் பொதுப் பள்ளம் ஒன்றை ஒதுக்க வேண்டும். தேங்கும் நீரில் நுளம்பு பெருகும் என்ற அச்சமும், 2017 இல் கிண்ணியாவை வாட்டிய டெங்கை நினைப்போருக்கு நியாயமானதே. ஆனால் முட்டை நுளம்பாக மாறுவதற்கு ஒரு வாரமளவு வேண்டும். இரண்டு நாளில் வடிந்து உலர்கின்ற பள்ளத்தில் அது வளராது. வடிய வழியின்றி மதிலோரத்தே மாதக்கணக்கில் நிற்கும் நீருக்கே நாம் அஞ்சவேண்டும்.

கடலும் நம்மைக் கேட்கும் காலம் வரும். மண்ணும் எண்ணெயும் பொலித்தீனும் சுமந்தோடும் நீர் இறுதியிற் சேர்வது, உலகம் புகழும் நமது துறைமுகத்திலும் அதை நம்பி வலை வீசுவோர் வாழ்விலுமே. குளத்துக்கு வான் வைத்து, வயலுக்கு வாய்க்கால் வகுத்து, மேல் வயற்காரன் கீழ் வயற்காரனுக்குக் கடப்பாடு உடையவன் என்று வாழ்ந்த மக்கள் நாம். அக்கடப்பாடு வயலோடு முடிந்துவிடுவதில்லை; மனைக்கும் அது உரியது. அடுத்த மாரிக்கு முன், அனுமதிக்கு வரும் முதல் வரைபடத்திலேயே மன்றத்தார் அவ்வினாவை எழுப்பட்டும்: ஐயா, இந்த நீர் எங்கே போகும்?