பெயர் மாற்றப்பட்ட நோயாளி

முகநூலில் எழுதும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்ற குறிப்பு பழகிப்போன ஒன்று. அதைப் போட்டுவிட்டால் நோயாளியின் அந்தரங்கம் பத்திரம் என்று எழுதுபவரும் நினைக்கிறார், படிப்பவரும் நினைக்கிறார். ஆனால், அடுத்த வரியிலேயே மற்றவை வந்துவிடும்: மூன்று பெண் குழந்தைகளுக்குப் பிறகு நான்காவது பிரசவம், கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கிராமம், போன வாரம் நைட் டூட்டி. லட்சுமி செல்வியாகிவிட்டார், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக் கிராமங்களில், போன வாரம் நான்காவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவதில்லை என்பது கணக்காகவே நிரூபிக்கப்பட்ட விஷயம். 1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள், பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டன. கவலை வேண்டாம் என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆளுநரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்த ஊரில் ஆறே பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் ஒருவர்தான். ஆளுநரின் மருத்துவப் பதிவு ஆளுநரின் அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

ஸ்வீனிக்கு ஒரு வாக்காளர் பட்டியல் தேவைப்பட்டது. நம் ஊர்களில் அதுவும் வேண்டாம். யார் வீட்டு வாசலில் 108 வந்து நின்றது என்பது தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரியாதது வேறு: அந்த வீட்டுப் பெண் முதல் கர்ப்பத்தை எங்கே கலைத்தார், பூச்சிமருந்தைக் குடித்ததற்கு என்ன காரணம் சொன்னார், ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்பவை. தெரிந்ததையும் தெரியாததையும் ஒட்டவைக்கும் துண்டைத்தான் பதிவு போடுகிறவர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார், பெரும்பாலும் நல்ல மனதோடுதான். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர் இப்படித்தான் முகநூலில் தன் பணி அனுபவங்களை எழுதினார். யார் பெயரும் அதில் இல்லை. ஆனால், காயத்தின் தன்மையை வைத்தே நோயாளி யார் என்பதை வெளியாட்கள் கண்டுகொண்டார்கள். ரகசியத்தை வெளியிடும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதை ஏற்றுக்கொண்டே, 2011இல் மாநில மருத்துவ வாரியம் அவரைக் கண்டித்து 500 டாலர் அபராதம் போட்டது. மருத்துவமனை வேலை அதற்கு முன்பே போயிருந்தது.

நம் நாட்டு விதி என்ன சொல்கிறது? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறைப்படி, நோயாளியின் அடையாளம் தெரியும்படியான படத்தையோ நோய் விவரத்தையோ அவருடைய அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. அடையாளம் வெளிப்படாது என்றால் அனுமதி தேவையில்லை. வெளிப்படுமா, வெளிப்படாதா என்று முடிவு செய்வது யார்? எழுதுகிறவரேதான். ஓட்டை அங்கேதான் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் மறுகோடிக்குப் போய், நோயாளிக்கான சிகிச்சையைச் சமூக ஊடகத்தில் பேசுவதைத் தவிர்க்க வேண்டும், படமோ ஸ்கேனோ போடவே கூடாது என்கிற பாணியில் புதிய விதிகளை அறிவித்தது. அந்த மாதமே அவை நிறுத்திவைக்கப்பட்டு, பழைய விதிகள் திரும்பின.

அந்தத் தடை நின்றுபோனதில் எனக்கு வருத்தமில்லை. கரோனா காலத்தில் ஆக்சிஜன் அளவு எவ்வளவு குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று எளிய தமிழில் எழுதிய மருத்துவர்களால் பலனடைந்தவர்கள் நாம். ஒரு வார்டுக்கு எத்தனை செவிலியர், தரையில் எத்தனை நோயாளிகள் என்பதை உள்ளே இருப்பவர்கள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? (நோயாளியின் அந்தரங்கத்தைப் பற்றி நிர்வாகங்களுக்குத் திடீர் அக்கறை பிறப்பது, பெரும்பாலும் ஊழியர் ஒருவர் குறை சொல்லி எழுதும்போதுதான். ஓ.பி. கூடத்தில் நோயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அந்த அக்கறையைக் காணோம்.) குறையை எழுத நோயாளியின் கதை தேவையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கதைதான் வேண்டும் என்பவர்கள் அனுமதி கேட்கலாம். ஆனால், கட்டிலில் கிடப்பவரிடம் கேட்பது அனுமதி ஆகாது. “உங்களைப் பத்தி எழுதட்டுமாம்மா?” என்று ரவுண்ட்ஸில் கேட்டால், “நீங்க பாத்து எழுதுங்க சார்” என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்வார்? வீட்டுக்குப் போய், மறுபரிசோதனைக்கு வரும்போது, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பூங்கொத்தோடு எடுக்கும் டிஸ்சார்ஜ் செல்ஃபிக்கும் இதுவேதான். அதில் பக்கத்துக் கட்டில்காரரும் விழுந்திருப்பார். அவரை யாரும் கேட்பதில்லை.

பெயர் மாற்றி எழுதுவது புதிதல்ல. உளப்பகுப்பாய்வின் முன்னோடி சிக்மண்ட் ஃபிராய்டு, ‘டோரா’ என்று பெயர் மாற்றிய இளம்பெண்ணுக்கு அளித்த சிகிச்சை 1900 கடைசியில் நின்றுபோனது. அதைப் பற்றிய கட்டுரையை 1905இல்தான் வெளியிட்டார், அதுவும் துறைசார்ந்த இதழ் ஒன்றில். இன்று அந்த இடைவெளி, ஷிப்ட் முடிந்து பஸ் ஏறுவதற்குள் சுருங்கிவிட்டது. ஃபிராய்டு அவ்வளவு கவனமாக இருந்தும் டோரா யார் என்பது பிற்காலத்தில் தெரியத்தான் செய்தது. கட்டுரை அந்தப் பெண்ணின் கைக்கே போனால் வருந்துவார் என்று ஃபிராய்டும் யோசித்திருக்கிறார். ஆனால், அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரியாத எதுவும் அதில் இருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் தவறு. தன்னை மருத்துவர் எப்படிப் பார்த்தார் என்பது அவருக்குத் தெரியாத விஷயம்.

ஊரில் யாருமே அடையாளம் காணாத பதிவையும் ஒருவர் அடையாளம் கண்டுகொள்வார். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்து அது செல்வியின் கைபேசிக்கும் வரும். தன் அறியாமை அங்கே நகைச்சுவையாகியிருக்கும். அல்லது தன் அழுகைக்கு 2,000 பேர் இதயக்குறி போட்டிருப்பார்கள். அடுத்த முறை அவர் அதே ஆஸ்பத்திரிக்கு வந்தால், வயிற்றுவலி என்று மட்டும் சொல்வார். எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது, மெடிக்கலில் என்ன மாத்திரை வாங்கிப் போட்டார் என்பதை, டூட்டி டாக்டர் எத்தனை முறை கேட்டாலும் சொல்ல மாட்டார்.