தமிழ்நாட்டுக்குப் பிறந்த நாள் எது?

உங்கள் பிறந்த நாள் எது என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். நம் தமிழ்நாட்டின் பிறந்த நாள் எது? சிலர் நவம்பர் 1 என்பார்கள். சிலர் ஜூலை 18 என்பார்கள். ஏன் இந்தக் குழப்பம்?

முன்பு மெட்ராஸ் மாநிலத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் பகுதிகள் எல்லாம் இருந்தன. 1953ல் ஆந்திரா பிரிந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டன. மலபார் கேரளத்துக்குப் போனது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. ஆனால், தமிழர் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. எனவே, எல்லைக்காகப் போராடியவர்களுக்கு அந்த நாள் பாதி மகிழ்ச்சி, பாதி வருத்தம்.

எல்லை கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. 'மெட்ராஸ்' என்ற பெயரே நீடித்தது. என் பிறப்புச் சான்றிதழில்கூட மெட்ராஸ் மாநிலம் என்றுதான் இருக்கிறது!

'தமிழ்நாடு' என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்பட பன்னிரண்டு கோரிக்கைகளுக்காக, விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். உடல் நலிந்த அவரை நம் மதுரை அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அக்டோபர் 13 அன்று அங்கேயே உயிர் நீத்தார். மருத்துவமனை வழியாகப் போகும்போது அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

1967 ஜூலை 18 அன்று முதல்வர் அண்ணா, சட்டசபையில் பெயர் மாற்றத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஒருமனதாக நிறைவேறியது. நாடாளுமன்றமும் சட்டம் இயற்ற, 1969 ஜனவரி 14 முதல் புதுப்பெயர் நடைமுறைக்கு வந்தது.

2019ல் நவம்பர் 1 'தமிழ்நாடு நாள்' எனக் கொண்டாடப்பட்டது. 2021ல் அரசு அதை ஜூலை 18க்கு மாற்றுவதாக அறிவித்தது. "எல்லை அமைந்த நாளே பிறந்த நாள். கேரளமும் கர்நாடகமும் நவம்பர் 1ஐத்தானே கொண்டாடுகின்றன?" என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். "நிலத்தை இழந்த நாளை எப்படிக் கொண்டாடுவது? பெயர் சூட்டத் தீர்மானித்த நாளே பெருமை" என்கிறார்கள் மற்றவர்கள்.

இந்தப் பிரச்னை நமக்கு மட்டும் இல்லை. நம் குடியரசு தினமான ஜனவரி 26தான் ஆஸ்திரேலியாவின் தேசிய தினமும்! 1788ல் அந்த நாளில்தான் ஆங்கிலேயர்கள் கைதிகளோடு கப்பலில் வந்து சிட்னியில் குடியேறினார்கள். ஆனால், அங்கே ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பழங்குடி மக்கள் வாழ்ந்துவருகிறார்கள். மண்ணைப் பறிகொடுத்த அவர்களுக்கு அது துக்க நாள். 1938லேயே அப்படி அறிவித்தார்கள். தேதியை மாற்றச் சொல்லி இன்றும் ஊர்வலம் போகிறார்கள்.

பார்த்தீர்களா? ஒரு வீட்டில் விசேஷம் என்றால், வீட்டில் எல்லாரும் சிரிக்க வேண்டும். ஒருவர் மூலையில் அழுதுகொண்டிருந்தால் அவரிடம் காரணம் கேட்க வேண்டும் அல்லவா? நாட்டுக்கும் அதுதான். தேதி எதுவாக இருந்தாலும், அன்று வருந்துபவர்களின் கதையையும் கேட்பதே நல்ல கொண்டாட்டம்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை! தாத்தா, பாட்டியின் பழைய சான்றிதழ்களைப் பத்திரமாக எடுத்துப் பாருங்கள். அதில் மாநிலத்தின் பெயர் என்னவென்று இருக்கிறது?